ஏழுக்குப் பின்னால் மூன்று புள்ளி

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டினால் இடது கைப்பக்கம் மண்டல அளவீட்டு உறுதி நிலையம் வரும். 'பொம்மசந்திராவிலிருந்து 2.0 கி.மீ.' என்று அதன் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும். வெறும் 2 என்று எழுதினால் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை எதுவாகவும் இருக்கலாமாம். அந்தப் பூஜ்யத்தைச் சேர்ப்பதற்காக ஒரு குழு எட்டு மாதம் கூடிப் பேசியது. பலகை நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது, அதைப் படிக்கிறவன் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டான் என்பதை அந்த எட்டு மாதத்தில் யாரும் எழுப்பவில்லை.

1998 பிப்ரவரியில் அந்த வாசலுக்கு நோரா போய்ச் சேர்ந்தாள். ஜோகுபாளையத்துக்காரி. அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். அவள் கணவர் யூஜின் பொம்மசந்திராவில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பாய்லர் ஆபரேட்டராக இருந்தார். முந்தைய நவம்பரில் அந்த பாய்லர் வெடித்தது. யூஜின் அங்கேயே போய்விட்டார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. அந்த மனிதரின் மனைவி காந்தா, நோராவுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

தொழிற்சாலை ஒரு கடிதம் அனுப்பியது. பாய்லருக்கு எட்டு கிலோ பிரஷர்தான் வரம்பு, அது எட்டைத் தாண்டியதை ஆபரேட்டர் கவனிக்கவில்லை, விபத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு என்று அதில் இருந்தது. ஆனால் யூஜின் கடைசியாக லாக் புத்தகத்தில் எழுதியிருந்தது ஏழு. ஆக, ஒன்று அவர் முள்ளைப் பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். அல்லது முள் பொய் சொல்லியிருக்க வேண்டும். சுவரில் தனியாக மாட்டியிருந்ததால் பிழைத்துக்கொண்ட அந்த பிரஷர் கேஜைச் சோதித்துப் பார்க்கும்படி நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

காந்தா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி முள்ளைப் பாத்திருந்தா என் வூட்டுக்காரருக்குக் கண்ணு இருந்திருக்கும் நோராக்கா," என்றாள். அதற்குப் பிறகு நோராவின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். நோராவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் அவளுக்கே சந்தேகம் இருந்தது. அந்த வாரம் யூஜின் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்திருந்தார். அலுப்பில் பார்க்காமல் விட்டிருப்பாரோ? இந்த ஒரு கேள்வி அவளை உட்காரவிடாமல் அரித்தது.

யூஜினுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முள்ளையும் நடுவிரல் நகத்தால் மூன்று முறை தட்டாமல் நம்ப மாட்டார். முள் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டியதும் நகர்ந்துவிடும் என்பார். பெண் பார்க்க வந்த அன்றே நோரா வீட்டுக் கடிகாரக் கண்ணாடியை டக் டக் டக் என்று தட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, அவர் வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் ஆறு மணிக்கு, ஹாலில் அதே கடிகாரத்தின் கண்ணாடியில் டக் டக் டக் என்று கேட்டது. மூன்று நாள் நோரா நடுங்கினாள். நான்காம் நாள் ஐந்தே முக்காலுக்கே எழுந்து காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நிலையத்தின் கேட்டில் நாராயணசாமி என்ற செக்யூரிட்டி இருந்தார். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு முன்னால் ஒரு பெரிய ரிஜிஸ்டர், தலைக்கு மேலே டைரக்டர் கையெழுத்திட்ட உத்தரவு: 'உள்ளே வந்தோர் எண்ணிக்கையும் வெளியே சென்றோர் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை அலுவலகம் மூடப்பட மாட்டாது, ஊழியர் எவரும் வெளியேற இயலாது.' முன்பு ஒரு பார்வையாளரைக் குளிர் அறைக்குள் வைத்து வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டுத் திங்கட்கிழமை திறந்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த உத்தரவு அது.

"எத்தன பேரு மேடம்?" என்று கேட்டார் நாராயணசாமி.

"ஒருத்திதான்."

அவர் நோராவின் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் 2 என்று எழுதினார்.

"ஒருத்திதான்னு சொன்னேனே?"

"காக்கி யூனிஃபார்ம் போட்டவரு உங்க கூடத்தானே வர்றாரு? வலது கைச் சட்டை கருகியிருக்குதே, அவரு."

நோரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாரோ என்று பயம். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள். மாலையில் திரும்பும்போது நாராயணசாமி வெளியே சென்றோர் பத்தியிலும் 2 என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வந்த பதினோரு தடவையும் அப்படித்தான்.

உள்ளே முதலில் ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று குறிக்க, ± என்று அச்சடித்து ஒரு கோடு. வயது 38 ± எவ்வளவு, வீட்டிலிருந்து தூரம் ± எவ்வளவு என்று எல்லாம் எழுத வேண்டும். கணவர்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று எழுதி நிறுத்திக்கொண்டாள். பிரிவு அதிகாரி சாய்கிருஷ்ணா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். இளைஞர். கழுத்துப்பட்டையில் சிறிய தங்க ஊசி. அதுகூட ஒரு ஸ்கேல் வடிவத்தில் இருந்தது.

"இங்க ப்ளஸ் மைனஸ் விட்டுட்டீங்க மேடம்."

"இன்னா சார் இது? ஒரு புருஷன்தான் சார்."

"நம்பறேன். ஆனா எவ்வளவு உறுதியா ஒண்ணு? அதைத்தான் படிவம் கேக்குது. ஒண்ணும் எழுதலேன்னா உங்களுக்கே தெரியாதுன்னு அர்த்தம் ஆயிடும்."

நோரா பூஜ்யம் என்று எழுதினாள். அவ்வளவு துல்லியமாகக் கணவரை அளக்க எந்தக் கருவியும் இல்லை என்று சாய்கிருஷ்ணா அதை அடித்துவிட்டு 0.5 என்று திருத்தினார். பிறகு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க," என்றார். மறுநாள் அவள் பதினோரு மணிக்குப் போனபோது அவர் இல்லை. பதினொன்றரைக்கு வந்தார். பதினொன்று என்றால் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை, நிமிஷம் தவறாமல் வர வேண்டுமானால் 11.00 என்று சொல்லியிருப்பேன் என்றார். அவர் சம்பளத் தேதியையும் இப்படித்தான் படிப்பாரா என்று கேட்க நோராவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வந்த காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டாள்.

சோதனை மேஜையில் கோமளம் என்ற டெக்னீஷியன் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் கருவிகளைக் கையால் தொடுகிற ஒரே ஆள் அவள்தான். மற்ற எல்லோரும் காகிதங்களைத் தொடுகிறவர்கள். யூஜினின் கேஜை நம்பகமான இன்னொரு மீட்டரோடு சேர்த்துக் குழாயில் பொருத்தி, மெல்ல அழுத்தத்தை ஏற்றிக் காட்டினாள். யூஜினின் முள் ஏழில் வந்து நின்றது. மீட்டர் 8.44 என்றது.

"இந்த முள்ளு ஏழுன்னு காட்டும்போது உள்ள நிஜமா இருந்தது எட்டுக்கு மேல," என்றாள் கோமளம். "பிழை ஒண்ணு புள்ளி நாலு நாலு. இப்படியோ அப்படியோ 0.05 இருக்கலாம், அதுக்கு மேல இல்ல. ஒரு கேஜுக்கு ஒண்ணு வரைக்கும்தான் பிழை அனுமதி. இது தாண்டிடுச்சு. உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்லம்மா."

நோரா அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டே அழுதாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக இறங்கியது. கோமளம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கி, "இப்பவே சந்தோஷப்படாதீங்க. இது என் மேஜை. மேல இன்னும் மூணு மேஜை இருக்கு," என்றாள்.

அந்த மூன்று மேஜைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்த அளவிலும் கடைசி இலக்கம் நிச்சயமற்றது என்று விஞ்ஞானம் சொல்கிறது. அது சரிதான். நிச்சயமற்ற எதையும் மேலதிகாரிக்கு அனுப்பக் கூடாது என்று நிலையத்தின் விதி சொல்கிறது. அதுவும் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைத்தவன்தான் பாவி. ஒவ்வொரு மேஜையிலும் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு மேலே அனுப்புவார்கள். வெட்டியதும் அதற்கு முந்தைய இலக்கம் கடைசி இலக்கம் ஆகிவிடும். அடுத்த மேஜைக்காரர் அதை வெட்டுவார். சந்தேகத்தை மட்டும் குறைக்கக் கூடாது, கூட்டிப் போடலாம் என்பதால் ± மேலே போகப் போகப் பெருத்துக்கொண்டே போகும்.

கோமளத்தின் மேஜையில் 1.44 ± 0.05 ஆக இருந்தது உதவியாளர் மேஜையில் 1.4 ± 0.1 ஆயிற்று. சாய்கிருஷ்ணாவின் மேஜையில் 1 ± 1 ஆயிற்று. டைரக்டர் மேஜைக்குப் போகும்போது வெட்டுவதற்கு எண்ணே மிச்சமிருக்காது. அங்கே எழுத்தில் எழுதுவார்கள்.

"ஒண்ணு புள்ளி நாலு நாலு எப்படி சார் ஒண்ணாச்சு?" என்று நோரா கேட்டாள்.

"யாரும் தப்பா எதுவும் செய்யல மேடம். ஒவ்வொருத்தரும் கொஞ்சமாத்தான் எடுத்தோம்," என்றார் சாய்கிருஷ்ணா.

அவர் லாக் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். ஒவ்வொரு மணிக்கும் யூஜின் ஏழு என்று எழுதி அதன் பின்னால் மூன்று புள்ளி வைத்திருந்தார். முள்ளைத் தட்டிப் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. கடைசி நாள், கடைசி மணிக்கும் 7 எழுதி மூன்று புள்ளி. நோரா அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்தாள். பார்த்திருக்கிறார். தட்டியும் பார்த்திருக்கிறார்.

"இதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை," என்றார் சாய்கிருஷ்ணா. "புள்ளி வெச்சா பின்னால இலக்கம் வேணும். 7.0 ன்னு எழுதியிருந்தா பொறுப்பான ஆளுன்னு சொல்லியிருப்போம். இவரு மூணு தசமப் புள்ளி வெச்சிருக்காரு, ஒரு இலக்கம்கூட எழுதல. பத்தொம்போது வருஷமா."

"அது தசமப் புள்ளி இல்ல சார். தட்டினது. அவரு தட்டாம முள்ளைப் பாக்கவே மாட்டாரு."

"தட்டினதுக்கு ஆதாரம்?"

அப்போது அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் டக் டக் டக் என்று கேட்டது. சாய்கிருஷ்ணா திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பல்லி என்றார். நோரா கடிகாரத்தையே பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாளிலிருந்து, நோரா வந்த நாளெல்லாம், நிலையத்தில் எங்கே பார்த்தாலும் தட்டு. தெர்மாமீட்டர் அலமாரியில் தட்டு, தராசுப் பெட்டியின் கண்ணாடியில் தட்டு, டைரக்டரின் மேஜைக் கண்ணாடியில் தட்டு. கூட்டுகிற அம்மா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நிலையம் பயப்படவில்லை, சுற்றறிக்கை விட்டது. 'அளவுக் கருவிகளை அனுமதியின்றித் தட்டுதல் தொடர்பாக' என்று அதற்குத் தலைப்பு. தட்டுகளைக் கணக்கெடுக்க மூன்று பேர் கொண்ட குழு ஸ்டாப்வாட்சோடு ஒரு வாரம் உட்கார்ந்தது. ஒரு தடவைக்குத் தட்டுகளின் எண்ணிக்கை 3 ± 1 என்று அறிக்கை கொடுத்தது. அதாவது இரண்டாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். தட்டுவது யார் என்பது குழுவின் வரம்புக்குள் வரவில்லை.

மார்ச் கடைசியில் டைரக்டர் வெங்கடராமன் நோராவைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, மேஜையில் ஒரு துரும்பு கிடையாது. சுற்றி நின்ற அதிகாரிகள் எல்லோருடைய கையிலும் நோட்டு. அவர் பேசினால் குறித்துக்கொள்வது அங்கே வழக்கம்.

"உக்காருங்கோம்மா. ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா துல்லியம்ங்கறது ஒரு அடக்கம். நமக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லாம இருக்கறது. இந்த நிலையம் ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம் ஆறது. ஒரு தப்பான எண்ணைக்கூட நாங்க வெளியில விட்டதில்லை. எப்படி? எண்ணே ரொம்பக் கம்மியாத்தான் விடுவோம்."

அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

"உங்க கேஜ் விஷயத்துக்கு வரேன். பிழை ஒண்ணு, ப்ளஸ் ஆர் மைனஸ் ஒண்ணு. அப்படீன்னா பூஜ்யத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும். பூஜ்யமும் உள்ளே வந்துடறது பாருங்கோ. பிழையே இல்லாமலும் இருக்கலாம். இருக்குன்னு நான் எப்படி மனசாட்சியோட கையெழுத்துப் போடறது? நான் ஒரு நிறுவனத்து மேல பழி போடறவன் இல்லை."

சான்றிதழை அவளிடம் நீட்டினார். நோரா டைப்பிஸ்ட். எழுத்து எழுத்தாகப் படித்துப் பழகியவள். முதல் வரி: கருவியின் பிழை 1 ± 1, அனுமதிக்குள் உள்ளது. இரண்டாவது வரி: அழுத்தம் சுமார் 8, வரம்பைத் தாண்டியதாகச் சொல்ல இயலாது. மூன்றாவது வரி: ஆபரேட்டரின் கவனக்குறைவு உறுதி செய்யப்படுகிறது.

"மூணாவது வரிக்கு ப்ளஸ் மைனஸ் போடலியே சார்?"

டைரக்டர் பொறுமையாகச் சிரித்தார். "அது எண் இல்லையேம்மா. எண்ணுக்குத்தான் சந்தேகம் வரும். அபிப்பிராயத்துக்கு எதுக்கு?"

இதையும் அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

நோரா எழுந்து வெளியே வந்தாள். நீளமான வராந்தா, ஐந்தேகால் மணி வெயில், சுவரெல்லாம் வட்ட வட்டமாகப் பழைய மீட்டர்கள். பக்கத்தில் எங்கோ மெதுவாக டக் டக் டக் என்று கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தம் அவளுக்கு முன்னால் கேட்டுக்கு வழி காட்டிக்கொண்டு போகும். அன்றைக்கு அவள் நின்றாள். வீட்டு ஹாலை, ஆறு மணியை, காபியை நினைத்தாள். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிடத்தான் போகிறோம் என்று தெரிந்தே, முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"நீங்க வராதீங்க. இங்கயே இருங்க. இவங்க சரியாப் பாக்கற வரைக்கும் நகராதீங்க."

தட்டு நின்றது. நோரா விறுவிறுவென்று நடந்து கேட்டுக்குப் போனாள்.

நாராயணசாமி பேனாவை எடுத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ரெண்டு பேரு வந்தீங்க மேடம்."

"அவரு வரமாட்டாரு. வேலை முடியல."

அவர் வெளியே சென்றோர் பத்தியில் 1 என்று எழுதினார். நோராவை வெளியே விட்டார். பிறகு கேட்டை இழுத்துச் சாத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு ஊழியர்கள் டிபன் பாக்ஸோடு வந்து சேர்ந்தார்கள். ஸ்டாஃப் பஸ் வெளியே நின்று ஹாரன் அடித்தது. கணக்கு ஒத்துவரவில்லை, ஒருத்தர் உள்ளே இருக்கிறார், கேட் திறக்க முடியாது என்றார் நாராயணசாமி. எல்லா அறைகளையும் தேடினார்கள். யாரும் இல்லை. ஆறு மணிக்கு டைரக்டரே வந்துவிட்டார். சாய்கிருஷ்ணா ரிஜிஸ்டரைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இன்னிக்கு வந்த விசிட்டர்ஸ் நாப்பத்து மூணு. கடைசி இலக்கம் நிச்சயமில்லை, எடுத்துடுங்க. நாப்பது. போனவங்க நாப்பத்து ரெண்டு. அதுவும் நாப்பது. ஒத்துப்போச்சு. திறங்க."

"ஆகல்ல சார்," என்றார் நாராயணசாமி, பாதி கன்னடத்தில். "நான் அளக்கல. எண்ணினேன். பட்டாளத்துல காலையில நாப்பத்து மூணு பேரு மலைமேல போவாங்க. சாயங்காலம் நாப்பத்து ரெண்டு பேரு இறங்கி வந்தா, சுமாரா நாப்பதுன்னு எழுதிட்டுச் சாப்பிடப் போக மாட்டோம். அந்த ஒருத்தனோட வீட்டுக்கு லெட்டர் போடணும் சார்."

கோமளம்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அவரு சொல்றது சரி சார். எண்ணினதுக்கு ப்ளஸ் மைனஸ் கிடையாது. நாம எல்லாரும் படிச்ச முதல் பாடம் அது."

டைரக்டர் கேட் கம்பிக்கு உள்பக்கம் வந்து நின்றார். எதிரே பஸ் நிறுத்தத்துக் கல்லில் நோரா உட்கார்ந்திருந்தாள். "அம்மா, தயவுபண்ணி அவரை வரச் சொல்லுங்கோ."

"நான் சொன்னா கேக்க மாட்டாரு சார். முள்ளைச் சரியாப் பாத்தாத்தான் நகருவாரு. பத்தொம்போது வருஷமா அப்படித்தான்."

உள்ளே எங்கிருந்தோ டக் டக் டக் என்று கேட்டது. வேறு வழியில்லாமல் எல்லோரும் அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்து போனார்கள். அது வராந்தா வழியாகப் போய்க் கோமளத்தின் மேஜையில் நின்றது. உதவியாளர், சாய்கிருஷ்ணா, டைரக்டர் மூவரும் யூஜினின் கேஜுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நிலையம் தொடங்கியதிலிருந்து டைரக்டர் ஒரு கருவிக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவர் கோமளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கோமளம் அழுத்தத்தை ஏற்றினாள். முள் ஏழில் நின்றது. யாரும் தொடாமலே அதன் கண்ணாடியில் டக் டக் டக். முள் அசையவில்லை. தட்டினாலும் ஏழு, தட்டாவிட்டாலும் ஏழு. பக்கத்து மீட்டரில் எட்டு புள்ளி நாலு நாலு. தட்டியும் பொய் சொன்ன முள் அது.

"எட்டு," என்று ஆரம்பித்தார் டைரக்டர்.

அவருடைய மூக்குக் கண்ணாடியில், வலது சில்லில், டக் டக் டக் என்று தட்டு விழுந்தது.

"எட்டு புள்ளி நாலு," என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது சில்லில், முன்னைவிட மெதுவாக, டக்.

"நாலு," என்றார் டைரக்டர்.

பழைய சான்றிதழைக் கிழித்துப் போட்டு அங்கேயே நின்றுகொண்டு கையால் எழுதினார். கருவியின் பிழை 1.44 ± 0.05. அனுமதியைத் தாண்டியது. கருவி தகுதியற்றது. ஆபரேட்டர் கருவியை முறைப்படி தட்டிப் பார்த்தே பதிவு செய்துள்ளார். அவர் மீது குறை இல்லை. கோமளம் அதைக் கொண்டுவந்து கம்பி வழியாக நோராவிடம் கொடுத்தாள். நோரா இரண்டு தடவை படித்தாள். ஒரு இலக்கமும் விட்டுப்போகவில்லை.

நாராயணசாமி வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஸ்டூலை விட்டு எழுந்து, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். ரிஜிஸ்டரில் 1 என்பதை அடித்துவிட்டு 2 என்று எழுதினார். கேட்டைத் திறந்தார். ஊழியர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

நோராவின் பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

"எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டாள்.

"கேட்டு வரைக்கும்தான் மேடம் என் எண்ணிக்கை," என்றார் நாராயணசாமி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஜோகுபாளையம் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. நேரே காந்தா வீட்டுக் கதவைத் தட்டிச் சான்றிதழைக் கொடுத்தாள். காந்தா விளக்கின் அடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். உள்ளே அவள் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ அவரு பாத்தாரு," என்றாள் காந்தா.

"பாத்தாரு."

காந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். என்னை மன்னிச்சிடு என்று ஒரு தடவை சொன்னாள், பிறகு அதைச் சொல்லவும் முடியவில்லை. இருவரும் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் நோரா ஐந்தே முக்காலுக்கு எழுந்தாள். இரண்டு டம்ளர் காபி போட்டாள். அது பழக்கம். கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மணி ஆயிற்று. ஆறு ஒன்று, ஆறு இரண்டு. கடிகாரம் சற்று முன்னால் ஓடுகிறதோ என்று தோன்றியது. எழுந்து போய் நடுவிரல் நகத்தால் கண்ணாடியை மூன்று முறை தட்டினாள். முள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆறு மணி நாலு நிமிஷம். சரியான நேரம்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு டம்ளர் காபியைக் குடித்தாள். இன்னொன்றைக் கீழே கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று இனி யாராவது கேட்டால், ஒன்று என்று சொல்லலாம். அது அவள் எண்ணிப் பார்த்தது.